சுபாரு வேகனை 25 மி.மீ. தாழ்த்தினேன்: ஸ்பிரிங்குக்கு ஒன்றரை நாள், நான்கு போல்ட்டுக்கு நான்கு வாரம்

ஸ்பிரிங் மாற்றுவது ஒரு வார இறுதி வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். முடிய நான்கு வாரத்துக்கு மேல் ஆனது. அதில் ஸ்பிரிங்குக்குப் போனது ஒன்றரை நாள்தான். மிச்சமெல்லாம் பின்சில்லுகளைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளோடு போனது. இதே வேலையை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு, அதிலும் உப்புக் கொட்டும் ஊரில் பழைய சுபாரு வைத்திருப்பவர்களுக்கு, பயன்படட்டும் என்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

கார் 2006 சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ் வேகன். 2.5 லீற்றர் டர்போ இயந்திரம், 5 கியர் மனுவல், 215/45ஆர்17 ரயர். ஓடியிருப்பது 214,000 கிலோமீற்றர். வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம். குளிர்காலம் முழுக்க இங்கே வீதிக்கு உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் காரின் அடியில் எங்கெல்லாம் புக முடியுமோ அங்கெல்லாம் புகுந்து இரும்பைத் தின்னும். எங்கள் கார் அப்படிப் பதினைந்துக்கு மேற்பட்ட குளிர்காலம் பார்த்துவிட்டது.

ஏன் தாழ்த்தினேன் என்றால், பழைய ஸ்ட்ரட் நான்கும், அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கி அதன் ஆட்டத்தை அடக்கும் தூண்கள், தளர்ந்துபோய்விட்டன. 401 நெடுஞ்சாலையிலிருந்து டொன் வலி பார்க்வேக்குத் திரும்பும் வளைவில் கார் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி ஒருமுறை ஆடித்தான் நிற்கும். எப்படியும் ஸ்ட்ரட் மாற்றவேண்டும். மாற்றும்போது ஸ்பிரிங்கையும் கொஞ்சம் கட்டையாக, கொஞ்சம் இறுக்கமாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. பார்வைக்கும் அந்த வேகன் சற்றுத் தாழ்ந்து நின்றால் அழகு. அந்த ஆசையும் இருந்தது.

எவ்வளவு தாழ்த்துவது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்: முன்னுக்கு 25 மி.மீ., பின்னுக்கு 20 மி.மீ., அதற்கு மேல் இல்லை. பனி கொட்டிய மறுநாள் விடிய, பனி தள்ளும் வண்டி வருமுன் வேலைக்குப் போகவேண்டியவன் நான். கார் வயிற்றால் பனியைத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு இறக்கினால் நான்கு சில்லும் இழுத்து என்ன பயன்?

தாழ்த்தப்போகிறேன் என்றதும் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நாலு சில்லும் இழுக்கிற கார், ஷாஃப்ட் உடைஞ்சுபோகும்." இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். இந்தக் காரின் பின் டிஃபரென்ஷியல், அதாவது பின்சில்லு இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்க்கட்டு, காரின் உடம்போடு பொருத்தப்பட்டது. சில்லு மேலே போனாலும் கீழே வந்தாலும் டிஃபரென்ஷியல் அசையாது. ஆகவே கியர்ப்பெட்டியிலிருந்து பின்னுக்கு ஓடும் நீண்ட ஷாஃப்ட்டின் கோணம் மாறுவதே இல்லை. பின்னால் முழு இரும்பு அச்சு உள்ள பிக்கப் வண்டிகளில்தான் அந்தக் கோணம் மாறும்.

மாறுவது சில்லுகளுக்குப் போகும் நான்கு குட்டி ஷாஃப்ட்டுகளின் கோணம். முன்சில்லு மட்டும் இழுக்கும் காரில் சிவி ஜொயின்ட், அதாவது வளைந்தபடியே சுழலும் மூட்டு, நான்கு என்றால் இதில் எட்டு. 25 மி.மீ. இறக்கத்துக்கு அவை உடையாது. ஆனால் முன் ஷாஃப்ட்டுகளின் உட்பக்க ஜொயின்ட்டுக்குள் மூன்று உருளைகள் மூன்று பள்ளங்களில் ஓடும். 214,000 கிலோமீற்றர் ஒரே இடத்தில் ஓடித் தேய்ந்த பள்ளத்தில், உயரம் மாறியதும் உருளை கொஞ்சம் தள்ளி ஓடத் தொடங்கும். பழைய ஜொயின்ட் என்றால் அழுத்தி மிதிக்கும்போது நடுக்கம் தெரியலாம். எனக்கு அது வரவில்லை. வந்தால் எங்கே தேடவேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது, அது மெதுவாக வரும். இந்த மனுவல் டபிள்யூஆர்எக்ஸில் முன்னையும் பின்னையும் இணைக்கும் நடு டிஃபரென்ஷியலுக்குள் பிசுக்கான சிலிக்கோன் திரவத்தில் தட்டுகள் சுழலும் ஒரு கப்ளிங் உண்டு. முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு வேகத்தில் சுழன்றால் அது இறுகிச் சூடாகும். வளைவிலும் பனியிலும் சில விநாடி அப்படி நடப்பதற்காகத்தான் அதைச் செய்தார்கள். நேர்வீதியில் மணிக்கணக்காக நடந்தால் கெட்டுப்போகும். அதனால்தான் நான்கு ரயரின் சுற்றளவும் 6.4 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருக்கவேண்டும் என்று சுபாரு சொல்கிறது. கணக்குப் பார்த்தால் அது ரயரின் பூ, அதாவது தரையில் படும் வரிப்பகுதி, 1 மி.மீ. தேய்வதுதான்: ஆரம் 1 மி.மீ. குறைந்தால் சுற்றளவு 6.28 மி.மீ. குறையும்.

இப்போது தாழ்த்தலோடு சேர்த்துப் பாருங்கள். காரைத் தாழ்த்தினால் சில்லின் கோணங்கள் மாறும். அதைச் சரிசெய்யாமல் ஓடினால் பின்ரயர் இரண்டும் உள்விளிம்பில் தேயும், முன்ரயர் அவ்வளவு தேயாது. பூவில் 2 மி.மீ. வித்தியாசம் வந்துவிட்டால் பின்சில்லு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் முன்சில்லைவிட மூன்று சுற்றுக் கூடச் சுற்றும். 401இல் ஒரு மணிநேரம் 100இல் போனால் முந்நூறுக்கு மேல். முன்சில்லு இழுக்கும் காரில் இப்படித் தேய்ந்தால் இரண்டு ரயர் வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாம். இதில் இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால், ஏற்கெனவே ஓடித் தேய்ந்த மற்ற இரண்டோடு மறுபடி வித்தியாசம் வரும். நான்கும் வாங்கவேண்டும், இல்லையென்றால் கியர்ப்பெட்டியைத் திறக்கவேண்டும். காரைத் தாழ்த்துவதில் எனக்கிருந்த பயம் இதுதான். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அந்தப் பயம் சரியானதே.

சாமான்: அசல் அளவிலேயே நான்கு புது ஸ்ட்ரட், மேல் மவுன்ட்டுகள், தூசி உறை, ஒரு சோடி முன், ஒரு சோடி பின் ஸ்பிரிங். உயரம் கூட்டிக் குறைக்கும் கோய்லோவர் வேண்டாம் என்று விட்டேன். உப்பு ஊரில் இரண்டு குளிர்காலம் போனால் அதன் மரை இறுகிவிடும். பிறகு அது கூட்டவும் உதவாது, குறைக்கவும் உதவாது. அசல் ஸ்பிரிங்கை வெட்டிக் கட்டையாக்கலாமே என்று ஒருவர் கேட்டார். தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்டிய முனை கீழ்த்தட்டில் சரியாக அமராது. சில்லு ஒரு பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம்மாறும்.

பெட்டியைத் திறந்ததும் புது ஸ்பிரிங் எதிர்பார்த்ததைவிட மிகக் கட்டையாக இருந்தது. 25 மி.மீ. இறங்க இவ்வளவு கட்டையா என்று யோசித்தேன். உதாரணமாக ஒரு முன் ஸ்பிரிங்கின் மேல் 350 கிலோ பாரம் என்று வையுங்கள். ஒரு மி.மீ. அமுங்க 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங் அந்தப் பாரத்தில் 117 மி.மீ. அமுங்கி நிற்கும். 4 கிலோ கேட்கும் ஸ்பிரிங் 88 மி.மீ.தான் அமுங்கும். ஒரே நீளமென்றால் இறுக்கமான ஸ்பிரிங் காரை 29 மி.மீ. உயர்த்திவிடும். ஆகவே 25 மி.மீ. தாழ்த்த அது 54 மி.மீ. கட்டையாக இருந்தாக வேண்டும். கணக்கு விளங்கியதும் மனம் அமைதியானது.

உதவிக்கு மாமா வந்தார், அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். 1990களில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கொஞ்சம் பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை. சுபாருவின் அடியில் அவர் அதற்கு முன் படுத்ததில்லை. ஆனால் இரும்பும் றப்பரும் அவருக்குத் தெரியும்.

மே மாதத்து விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்கு நாள் குறித்தோம். அதற்கு முன் மூன்று இரவு தொடர்ந்து எல்லா போல்ட்டுக்கும் துருவிடுவிக்கும் எண்ணெய் அடித்தேன். மரை தெரியும் இடங்களைக் கம்பித் தூரிகையால் முதலில் தேய்த்துவிட்டு அடிக்கவேண்டும். துருப் பொருக்கின் மேல் அடிக்கும் எண்ணெய் உள்ளே போகாது.

கழற்றுமுன் அளந்தேன். நிலத்திலிருந்து அளக்காதீர்கள், ரயர்க் காற்றும் தரையின் சரிவும் அளவை மாற்றிவிடும். சில்லின் நடுமையத்திலிருந்து நேர்மேலே மட்கார்ட் விளிம்புவரை அளப்பதுதான் சரி. முன் இடப்பக்கம் 386, வலப்பக்கம் 384. பின் இடப்பக்கம் 372, வலப்பக்கம் 370. இந்தக் காரில் பின் மட்கார்ட்டின் வளைவு தாழ்வாக வெட்டப்பட்டது, அதனால் பின்னுக்கு அளவு குறைவாகவே வரும். பின்பக்கம் குந்தியிருப்பதுபோல் தெரிவதற்கும் அதுவே காரணம். இந்த நான்கு எண்களையும் கராஜ் சுவரில் எழுதிவைத்தேன். பிறகு அவை வேறொரு வேலைக்கும் உதவின.

சனிக்கிழமை விடிய முன்பக்கம். காரைத் தூக்கி, தாங்கிகளில் இருத்தி, ஆட்டிப்பார்த்த பிறகுதான் மாமா அடியில் போக விட்டார். முன் ஸ்ட்ரட்டைக் கீழே நக்கிளோடு, அதாவது சில்லைத் தாங்கும் இரும்புக் கட்டியோடு, பிடிப்பது இரண்டு பெரிய போல்ட். மேலதன் தலை மையம் விலகியது. அதைத் திருப்பித்தான் கம்பர், அதாவது சில்லு உள்ளே வெளியே சாயும் கோணம், மாற்றுவது. கழற்றுமுன் அதன் நிலையை உளியால் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள். பெயின்ற்றால் குறித்தால் எண்ணெயில் அழிந்துவிடும். பிறேக் குழாயின் பிடி, ஏபிஎஸ் வயரின் பிடி இரண்டையும் கழற்றினோம். ஏபிஎஸ் வயரில் இழுவை வராதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

போல்ட் இரண்டு பக்கமும் வந்தது. வலது பக்கம் மேல் போல்ட் மட்டும் காஸ் விளக்கால் சூடுகாட்டிய பிறகு. இவ்வளவு சுலபமா என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரெதிராக இரண்டு கொக்கி. இரண்டையும் மாறி மாறி, ஒவ்வொன்றையும் சில சுற்று மட்டும், கையால் இறுக்கவேண்டும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் கருவியின் மரை சூடேறித் தேய்ந்துபோகும், ஒருநாள் கையில் விடும். ஸ்பிரிங் மேல்தட்டிலிருந்து விடுபட்டுச் சும்மா சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் நடு நட்டைத் தொடவேண்டும். அந்த நட்டைக் கழற்றும்போது ஸ்ட்ரட்டின் மேல்முனைக்கு நேரே முகம் இருக்கக்கூடாது. மாமா என் தோளைப் பிடித்து ஒருபக்கம் தள்ளிவிட்டுத்தான் கழற்ற விட்டார்.

புது ஸ்பிரிங் அமுக்காமலே கிட்டத்தட்ட உட்கார்ந்தது, கடைசி இரண்டு விரல்கடைக்கு மட்டும் கருவி தேவைப்பட்டது. கீழ்முனை தட்டில் உள்ள படியோடு முட்டி நிற்கவேண்டும். மேல்தட்டில் வெளிப்பக்கம் என்று அச்சிட்ட குறி காரின் வெளியே பார்க்கவேண்டும். ஸ்ட்ரட் தண்டில் உள்ள நுரைத் தடுப்பை ஸ்பிரிங்கோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு, அதன் பள்ளத்தோடு வெட்டினேன். கார் தாழ்ந்தால் சில்லு மேலே போக இருக்கும் இடம் குறைகிறது. தடுப்பை அப்படியே விட்டால் கார் ஸ்பிரிங்கில் ஓடாமல் தடுப்பில் ஓடும்.

அந்தத் தண்டில் ஒரு பிளாஸ்ரிக் கட்டு நாடாவையும் இறுக்கிக் கட்டிவிட்டேன். சில்லு மேலே போகும்போது ஸ்ட்ரட்டின் உடம்பு அதைத் தள்ளிக்கொண்டு போகும். பிறகு தூசி உறையைத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு தூரம் போனது என்று தெரியும். நாலு சதச் சாமான், ஆனால் பெரிய கருவி சொல்லாததைச் சொல்லும்.

முன் கீழ்ப்போல்ட்டுகளை இறுக்கும் முறுக்குவிசை என் காரின் கைநூலில் 175 நியூட்டன் மீற்றர், பின்னுக்கு 196. மேலே உடம்போடு பிடிக்கும் மூன்று சிறு நட்டுக்கு வெறும் 20. அந்தச் சிறு நட்டைப் பெரிய ஸ்பனரால் இறுக்கி முறித்தவர்கள் நிறைய. வேறு ஆண்டுக் காரென்றால் உங்கள் கைநூலைப் பாருங்கள்.

பின்னேரம் முன்பக்கம் முடிந்தது. ஞாயிறு பாதி நாளில் பின்பக்கமும். வேகனில் பின் டிக்கியின் பக்க உறையை விலக்கினால்தான் ஸ்ட்ரட்டின் மேல் நட்டுகள் தெரியும். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

கருவிகளை அடுக்கத் தொடங்கினேன். மாமா இன்னும் காரின் அடியில் விளக்கோடு படுத்திருந்தார்.

"மோனை, இந்த ஆம் போல்ட்டெல்லாம் இளக்கினனியோ?"

"இல்லை மாமா, ஸ்ட்ரட் மாத்த அதைத் தொடத் தேவையில்லை."

"தேவையில்லைத்தான். ஆனா இந்த றப்பர் எல்லாம் பழைய உயரத்திலை இறுக்கினது. இப்ப கார் இறங்கீட்டுது, றப்பர் முறுகிக்கொண்டு நிக்கும். இளக்கி, கார் தன்ரை காலிலை நிக்கேக்கை திருப்பி இறுக்கவேணும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆம் என்பது சில்லைக் காரின் உடம்போடு இணைக்கும் கீழ்க்கை. அந்தக் கீழ்க்கைகளின் புஷ்ஷில் நடு இரும்புக் குழாய், சுற்றிவர றப்பர், வெளியே இரும்பு வளையம். மூன்றும் ஒட்டியவை. போல்ட்டை இறுக்கினால் நடுக்குழாய் அசையாது. சில்லு ஏறி இறங்கும்போது றப்பர்தான் முறுகி விடுபடும். இறுக்கிய உயரம்தான் அதன் ஓய்வு நிலை. காரைத் தாழ்த்தி அப்படியே விட்டால் றப்பர் நிற்கும்போதும் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்குக்கு மேல் இன்னொரு ஸ்பிரிங்போலக் காரை மேலே தள்ளிக்கொண்டும் இருக்கும்.

முன் கீழ்க்கைகளின் போல்ட்டுகள் இளகின. காரை மறுபடி தாங்கியில் வைத்து, சில்லைக் கழற்றி, நக்கிளின் கீழே ஜக் வைத்து, நடுமையத்திலிருந்து மட்கார்ட் விளிம்புவரை 361 மி.மீ. வரும்வரை தூக்கினோம். அதுதான் புது நிற்கும் உயரம். அந்த நிலையில் இறுக்கினோம். சுவரில் எழுதிய எண்கள் இப்படித்தான் உதவின. ஜக் தூக்கும்போது கார் தாங்கியிலிருந்து கிளம்புகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பின்பக்கம் இளகவில்லை. பின் நக்கிளைப் பக்கவாட்டில் பிடிப்பது, பக்கத்துக்கு இரண்டாக, நான்கு நீட்டு லிங்க். வெளிமுனையில் இரண்டு லிங்க்கையும் நக்கிளையும் ஊடுருவிப் போவது ஒரே ஒரு நீண்ட போல்ட். உள்முனையில், பின் லிங்க்கில், மையம் விலகிய தலையுள்ள போல்ட். அதைத் திருப்பித்தான் பின்சில்லின் டோ, அதாவது சில்லு நேரே பார்க்கிறதா, உள்ளே வெளியே திரும்பிப் பார்க்கிறதா என்பது, சரிசெய்வது. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு போல்ட். நான்கும் அசையவில்லை.

இன்னும் சரியாகச் சொன்னால் நட் இளகியது. போல்ட்டைத் திருப்பினால் திரும்பியது. ஆனால் கையை எடுத்ததும் மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். திரும்பியது போல்ட் மட்டுமல்ல. போல்ட் குழாயோடு துருவால் ஒன்றாகிவிட்டது, குழாயோடு சேர்ந்து றப்பர்தான் முறுகித் திரும்பியது. கையில் அது பிசின்போல வளைந்துகொடுத்தது. அந்தக் கணம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதைச் சரிசெய்ய வழியே இல்லாமல் காரைத் தாழ்த்திவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கடையில் அலைன்மென்ற், அதாவது சில்லுகளின் கோணங்களை அளந்து சரிசெய்வது, போட்டோம். முன்பக்கம் ஒழுங்காக வந்தது. பின்பக்கத்துக்கு அவர்கள் கையில் தந்த தாளில் சிவப்பு. கம்பர் இடம் -2.1, வலம் -1.9 பாகை (கழித்தல் குறி என்றால் சில்லின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறது). டோ இரண்டு பக்கமும் 0.25 பாகை வெளிநோக்கி. "போல்ட் திரும்பவில்லை, இதற்கு மேல் எங்களால் முடியாது" என்றார்கள். அவர்களில் பிழையில்லை.

கம்பர் 2 பாகை பெரிதாகத் தெரிந்தாலும் ரயரை உண்மையில் தின்பது டோதான். 0.25 பாகை என்றால் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் சில்லு பார்க்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் அவ்வளவு வித்தியாசம் இருந்தால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ரயர் 4 மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் உரசுகிறது. வேலைக்குப் போய்வர எனக்கு 60 கிலோமீற்றர். தினமும் 260 மீற்றர் ரயரைத் தாரில் இழுத்துத் தேய்ப்பதற்குச் சமம். மேலே சொன்ன நடு கப்ளிங்கின் கதைக்கு இதுதான் முதல் படி. காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

பிறகு மூன்று வார இறுதி. போல்ட்டுகளை வெட்டுவதைத் தவிர வழியில்லை. மின்வாளுக்கு கார்பைட் பல் பிளேட் போட்டு, லிங்க்குக்கும் தாங்கும் சட்டத்துக்கும் நடுவேயுள்ள மெல்லிய இடைவெளியில் விட்டு அறுத்தோம். சாதாரண பிளேட் அந்தப் போல்ட்டில் வழுக்கும். முதல் வெட்டுக்கு முக்கால் மணிநேரம். உள்முனைகள் இரண்டும் ஒரே நாளில் முடிந்தன.

நக்கிள்தான் மல்லுக்கட்டியது. நீண்ட போல்ட்டின் இரண்டு முனையையும் வெட்டி லிங்க்குகளை எடுத்த பிறகும் நடுத்துண்டு நக்கிளின் துளைக்குள்ளேயே நின்றது. இங்கே நெருப்பு வேண்டும். ஆனால் பின்பக்கம் பெற்றோல் தாங்கியும் அதன் குழாய்களும் பக்கத்தில் இருக்கும் இடம். ஏபிஎஸ் சென்சரைக் கழற்றினோம். ஷாஃப்ட்டின் றப்பர் உறைக்கு ஈரச்சாக்குச் சுற்றினோம். தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்தோம். காஸ் விளக்கைக் காரின் நடுப்பக்கம் பாராமல் எப்போதும் வெளிநோக்கிப் பிடித்தோம். போல்ட்டைச் சூடாக்கக்கூடாது, சுற்றியுள்ள நக்கிளைச் சூடாக்கவேண்டும். துளை விரியவேண்டும், போல்ட் விரியக்கூடாது. மாமா சூடு காட்டிவிட்டு ஆறவிட்டார், மெழுகுதிரியைத் துளை வாயில் தேய்த்தார். உருகிய மெழுகு துருவுக்குள் உறிஞ்சப்பட்டுப் போனது. மறுபடி சூடு, பிறகு காற்றுச் சுத்தியல்.

இடது பக்கம் ஏழாவது சூட்டில் அசைந்தது. முதலில் சத்தம்தான் மாறியது. அதுவரை கல்லில் அடித்ததுபோல "டங் டங்" என்றிருந்தது, ஒருமுறை "தொப்" என்றது. மாமா சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "விட்டிட்டுது," என்றார். வெளியே வந்த துண்டு பழுப்பு நிறத்தில், கரும்புக் கணுப்போல நடுவில் பருத்து இருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

வலது பக்கத்துக்கு அடுத்த வார இறுதி முழுவதும் போனது. அதைப் பற்றி எழுதினால் இதையேதான் திருப்பி எழுதவேண்டும்.

புது லிங்க்குகள், புது நீண்ட போல்ட், புது டோ போல்ட். போடுமுன் ஒவ்வொரு போல்ட்டின் உடம்பிலும் துளையிலும் இறுகாமல் காக்கும் செம்பு நிறப் பசையைத் தடித்துப் பூசினேன். பசை மரையில் பட்டால் அதே முறுக்குவிசையில் போல்ட் கூடுதலாக இழுபடும், ஆகவே மரையைத் துடைத்துவிட்டேன். பின் ஸ்ட்ரட்டின் கீழ்ப்போல்ட் இரண்டில் மேலதற்குப் பதிலாகக் கம்பர் போல்ட் போட்டேன். இந்தக் காரில் பின்பக்கக் கம்பர் மாற்ற அசலில் வழி இல்லை. கம்பர் போல்ட் சற்று மெலிந்தது, அதற்கு 196 கொடுக்கக்கூடாது, அதனோடு வரும் தாளில் உள்ள அளவுதான். எல்லாம் போட்டபின் நக்கிளை ஜக்கால் தூக்கி, இடம் 351, வலம் 350 வரும் நிலையில் வைத்துக் கடைசி இறுக்கு.

மறுபடி அலைன்மென்ற். இந்த முறை தாளில் சிவப்பு இல்லை. முன் கம்பர் -1.0, -1.1. டோ பூச்சியம். பின் கம்பர் -1.4, -1.5. டோ இரண்டு பக்கமும் சேர்த்து 1 மி.மீ. உள்நோக்கி.

ஓட்டிப் பார்த்தால் கார் அந்த டொன் வலி வளைவில் ஒரே சாய்வில் போய் ஒரே சாய்வில் வருகிறது, இரண்டாவது ஆட்டம் இல்லை. ஸ்ரியறிங் திருப்பியதும் மூக்கு உடனே திரும்புகிறது. வீதியின் சிறு வெடிப்புகள் முன்னைவிடக் கொஞ்சம் தெரிகின்றன. ஹெட்லைற் தாழ்ந்திருந்தது, சுவரில் குறித்து மறுபடி உயர்த்தினேன். கட்டு நாடா முன்பக்கம் தடுப்புக்கு ஒரு விரல்கடை முன்னே நின்றிருந்தது. பின்பக்கம் மூன்று பிள்ளைகளும் சாமானும் ஏற்றிப் போன ஒருநாள் தடுப்பை முட்டியிருந்தது. பின்னுக்கும் 25 போட்டிருந்தால் அன்று முழுக்கத் தடுப்பில்தான் ஓடியிருப்போம்.

இன்னும் இறக்கலாமே என்று கேட்பவர்களுக்குக் காரின் முன்னால் குனிந்து கீழ்க்கையைப் பார்க்கச் சொல்கிறேன். அசலில் அந்தக் கையின் வெளிமுனை உள்முனையைவிடத் தாழ்ந்து நிற்கும். 25 மி.மீ. இறக்கியதும் கிட்டத்தட்ட மட்டமாகிவிட்டது. இன்னும் இறக்கினால் வெளிமுனை மேலே போகும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையம் இறங்கியதைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடும், அந்தத் தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். தாழ்த்திய கார் உயர்ந்த காரைவிடக் கூடச் சாய்வது அப்படித்தான். அதைச் சரிசெய்ய நீளமான போல் ஜொயின்ட்டும் (கீழ்க்கையின் முனையிலுள்ள உருண்டை மூட்டு) ஸ்ரியறிங் முனையும் கொண்ட கிற் விற்கிறார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

நவம்பரில் குளிர்கால ரயர் மாற்றும்போது கழற்றிய நான்கின் பூவையும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்தேன். ஓடியது 9,000 கிலோமீற்றர். முன் இரண்டும் 6.1, பின் இடம் 6.2, வலம் 6.1. பின் உள்விளிம்பு 5.9. மாமா தன் கையால் உள்விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, புது டோ போல்ட்டுக்கு ஸ்பனரைப் போட்டுக் கால் சுற்று இளக்கி, அது றப்பரை இழுக்காமல் தனியே திரும்புகிறதா என்று பார்த்தார். திரும்பியது. குறியிட்ட கோட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து இறுக்கினார். "ஒவ்வொரு வருசமும் பனிக்கு முதல் இதைச் செய்," என்றார். சுவரில் உயர எண்களுக்குக் கீழே திகதியைப் போட்டு எழுதியிருக்கிறேன்.